திணறும் சர்வரும் எழுதப்படாத காரணமும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் அன்றாட வியாபாரத்தைப் பார்ப்பவர்களுக்கு மின்னஞ்சல் என்ற ஒன்று அங்கே இருப்பதே தெரியாது. புடவையின் படம் வாட்ஸ்அப்பில் போகிறது, விலை தொலைபேசியில் படிகிறது, பணம் யுபிஐயில் வந்து சேர்கிறது. கணக்குப் பிரிவுக்குள் எட்டிப் பார்த்தால் நிலைமை வேறு. ஜிஎஸ்டி தளத்தின் ஓடிபி மின்னஞ்சலுக்கு வருகிறது. வங்கி அனுப்பும் கணக்கு விவரம் அங்கேதான் வருகிறது. பாஸ்வேர்ட் மறந்துபோனால் புதிதாக அமைக்கும் இணைப்பும் அங்கேதான் வந்து விழுகிறது. மாவட்டத்தின் மறுபக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு தொழிற்கூடங்களுக்கோ பர்ச்சேஸ் ஆர்டரே மின்னஞ்சலில்தான் வருகிறது. கல்லூரிகள், மருத்துவமனைகள், தங்கும் விடுதிகள் என்று எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். வெளியே தெரியாமல், நிறுவனத்தின் எல்லாக் கதவுகளுக்கும் சாவி வைத்திருப்பது அந்த மின்னஞ்சல் முகவரி. அதைத் தாங்கும் சர்வர் அடிக்கடி திணறுகிறது என்றால், அது கணினி ஆள் ஒருவரின் தலைவலி என்று ஒதுக்கக்கூடிய விஷயம் அல்ல.

திணறல் எப்படி வெளிப்படும் என்பது மின்னஞ்சலை நம்பி வேலை செய்யும் எல்லோருக்கும் தெரியும். அனுப்பிய மெயில் போகாமல் நிற்கும். அவுட்லுக் பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கேட்கும். காலையில் வந்திருக்க வேண்டிய மெயில் மாலையில் வரும். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தக்காரருக்குப் போன் போகும். அவர் தன் இடத்திலிருந்தே உள்ளே நுழைந்து பார்ப்பார். பிராசசர் 100 சதவீதத்தில் நிற்கும். ரீஸ்டார்ட் செய்வார். 5 நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடும். ‘இப்ப பாருங்க சார்’ என்பார். எல்லோரும் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மூன்றாம் நாளோ அடுத்த வாரமோ அதே திணறல், அதே போன், அதே ரீஸ்டார்ட். என் வாதம் இந்தப் பழக்கத்தைப் பற்றியது. ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது என்றால், அப்படித் திரும்ப வருவதே நமக்குக் கிடைக்கும் முதல் தடயம். காரணத்தைப் பார்க்காமல் செய்யும் ரீஸ்டார்ட் அந்தத் தடயத்தைத் துடைத்துவிடுகிறது. கோளாறு சரியானதாக ஒரு தோற்றத்தை மட்டும் கொடுத்து, அதை உண்டாக்கியவரையோ உண்டாக்கிய பொருளையோ பத்திரமாக உள்ளே விட்டுவைக்கிறது.

முதலில், ஒரு மின்னஞ்சல் சர்வரின் பிராசசருக்கு அப்படி என்னதான் வேலை என்று பார்க்கலாம். கடிதத்தை வாங்கிப் பெட்டியில் போடுவது மிகச் சுலபமான வேலை. அதற்கு இன்றைய கணினியின் சக்தியில் ஒரு துளிகூடத் தேவையில்லை. பாரம் வேறு இடங்களில் இருக்கிறது. உள்ளே வரும் ஒவ்வொரு மெயிலையும் ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டி நூற்றுக்கணக்கான விதிகளை வைத்துச் சோதிக்கிறது. இணைப்புக் கோப்புகளைக் கிளாம்ஏவி போன்ற வைரஸ் சோதனை மென்பொருள் பிரித்துப் பார்க்கிறது. ஜிப் கோப்புக்குள் ஜிப் இருந்தால் அதையும் பிரிக்கிறது. ஊழியர்களின் கைபேசிகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வந்து ‘புதிதாக ஏதாவது உண்டா?’ என்று கேட்கின்றன. இவை போக இன்னொன்று உண்டு. பலர் இதை யோசிப்பதில்லை. பாஸ்வேர்ட் சரியா என்று சோதிக்கும் கணக்கு வேண்டுமென்றே கடினமாக வைக்கப்பட்டிருக்கிறது. சேமித்த பாஸ்வேர்ட் கோப்பு திருடுபோனாலும் அதைத் திருடன் எளிதில் உடைக்கக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. அதனால் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து ஒரு தானியங்கி நிரல் ஓயாமல் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், ஒன்றுகூடப் பலிக்காவிட்டாலும் சர்வர் மூச்சுவாங்கும். பிராசசர் ஏறுகிறது என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால் இத்தனை வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ரீஸ்டார்ட் இவற்றில் எதற்கும் வைத்தியம் இல்லை.

காரணத்தைப் பிரித்தறிய வழி உண்டா என்றால், உண்டு. காஞ்சிபுரத்து நெசவாளிக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. ஜக்கார்டு பெட்டியில் ஏறும் டிசைன் அட்டை ஒன்றில் ஓர் ஓட்டை தவறாகக் குத்தப்பட்டிருந்தால், அட்டைகள் ஒரு சுற்று முடித்து வரும்போதெல்லாம் அதே இடத்தில் அதே பிழை விழும். பிழைக்கும் பிழைக்கும் நடுவே உள்ள தூரத்தை அளந்தாலே தவறு பாவு இழையிலா, அட்டையிலா என்று தெரிந்துவிடும். அட்டையில் என்றால் எண்ணிப் பார்த்து எந்த அட்டை என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். தறியை நிறுத்தி மறுபடி ஓட்டினால் பிழை போய்விடும் என்று எந்த நெசவாளியும் நினைப்பதில்லை. சர்வருக்கும் கேள்வி இதேதான்: எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது? தினமும் இரவு 2 மணிக்கு ஏறிக் காலை 5 மணிக்கு இறங்கினால் அது பெரும்பாலும் பேக்கப் அல்லது வைரஸ் சோதனையின் கால அட்டவணை. காலை 10 மணிக்கு ஊழியர்கள் வந்து உட்கார்ந்ததும் ஏறினால், பல்லாயிரம் மெயில்களை இன்பாக்சிலேயே குவித்து வைத்திருக்கும் சிலரின் பெட்டிகளைப் பார்க்க வேண்டும். மாதத்தின் 11, 20 தேதிகளை ஒட்டி ஏறினால் ஜிஎஸ்டிஆர்-1, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்கான பில்களைச் சுமந்து போகும் பெரிய இணைப்புகள் காரணமாக இருக்கலாம். திருவிழாவிலும் முகூர்த்த காலத்திலும் ஏறுவது நியாயமான பளு. 2019 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அத்தி வரதர் தரிசனத்துக்கு ஊரே கொள்ளாத கூட்டம் வந்ததே, அப்படிப்பட்ட நாட்களில் ஒரு விடுதியின் சர்வர் திணறியிருந்தால் அதற்குக் காரணம் தெருவில் கண்ணெதிரே நின்றிருக்கும். எந்த நேரமும் பொருந்தாமல், நிறுத்திய சில நிமிடங்களில் மறுபடி ஏறினால், அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்க வேண்டும்.

காரணம் சர்வருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2013 ஜனவரி இறுதியில் ஆப்பிள் நிறுவனம் ஐபோன்களுக்கான ஐஓஎஸ் 6.1-ஐ வெளியிட்டது. அடுத்த சில நாட்களில் உலகம் முழுவதும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மின்னஞ்சல் சர்வர்களை நடத்துபவர்கள் திகைத்துப்போனார்கள். சர்வரின் வளங்கள் கரைந்தன, பதிவுக் கோப்புகள் வட்டு நிரம்பும் அளவுக்கு வளர்ந்தன. ரீஸ்டார்ட் செய்தால் சற்று நேரம் அமைதி, பிறகு மறுபடி அதே கதை. காரணம் ஊழியர்களின் சட்டைப் பையில் இருந்தது. திரும்பத் திரும்ப நடக்கும் கூட்டங்களுக்கான காலண்டர் பதிவில் ஒரு மாற்றத்துக்குப் பதில் அனுப்பும்போது, அந்த ஐஓஎஸ் பதிப்பு சர்வரோடு ஓயாமல் பேசத் தொடங்கிவிடும். ஒரு சில கைபேசிகள் போதும், ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சலை மண்டியிட வைக்க. அத்தகைய கைபேசிகளைக் கட்டுப்படுத்தவோ தடுக்கவோ வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் வழி சொன்னது. பிப்ரவரி 19-இல் 6.1.2 பதிப்பின் மூலம் ஆப்பிள் அதைச் சரிசெய்தது. நடுவில் இருந்த சில வாரங்களில் காரணத்தைத் தேடியவர்கள் எந்தக் கணக்கிலிருந்து கோரிக்கைகள் கொட்டுகின்றன என்று பார்த்து அந்தக் கைபேசியை மட்டும் தடுத்தார்கள். தேடாதவர்கள் சர்வரை எத்தனை முறை அணைத்துப் போட்டிருந்தாலும் கைபேசி மாறியிருக்காது.

அது அறியாமல் நேர்ந்த பிழை. அடுத்துச் சொல்வது அப்படிப்பட்டதல்ல. எக்சிம் என்ற மின்னஞ்சல் மென்பொருளை இந்தியச் சிறு நிறுவனங்களில் பலர் பெயர் தெரியாமலே பயன்படுத்துகிறார்கள். சிபேனல் என்ற நிர்வாக மென்பொருளோடு ஹோஸ்டிங் வாங்கியவர்களின் மெயிலை அனுப்புவது அதுதான். 2019 ஜூன் தொடக்கத்தில், 4.87 முதல் 4.91 வரையிலான எக்சிம் பதிப்புகளில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. வெளியிலிருந்து ஒருவர் குறிப்பிட்ட வடிவில் ஒரு முகவரியை எழுதி மெயில் அனுப்பினால், அந்த முகவரிக்குள் ஒளித்த கட்டளையைச் சர்வர் தன் முழு அதிகாரத்தோடு நிறைவேற்றிவிடும். அப்போது இணையத்தில் இருந்த மின்னஞ்சல் சர்வர்களில் பாதிக்கு மேல் எக்சிமில் ஓடின. ஓட்டை இல்லாத 4.92 பதிப்பு அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, மாற்றாதவர்கள்தான் ஏராளம். அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே தாக்குதல் தொடங்கியது. நுழைந்தவர்கள் நுழைந்ததோடு நிற்கவில்லை. சர்வரின் பிராசசரைக் கொண்டு கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரலை நிறுவினார்கள், மீண்டும் நுழைய ஒரு சாவியை வைத்தார்கள், நிரலை யாராவது நிறுத்தினால் மறுபடி இறக்கி ஓட்டும்படி கால அட்டவணையில் ஒரு கட்டளையை எழுதிவைத்தார்கள். கவனிக்க வேண்டியது இந்தக் கடைசி ஏற்பாட்டை. நிர்வாகி என்ன செய்வார் என்பதைத் திருடன் முன்கூட்டியே அறிந்திருக்கிறான். ரீஸ்டார்ட் செய்வார் என்று தெரியும். அதற்கு அவன் தயாராக இருக்கிறான். 2020 மே மாதத்தில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, ரஷ்ய ராணுவ உளவுப் பிரிவைச் சேர்ந்த குழு ஒன்றும் இதே ஓட்டையை முந்தைய ஆகஸ்டிலிருந்து பயன்படுத்துவதாக எச்சரித்தது. கிரிப்டோ தோண்டும் சில்லறைத் திருடனும் ஒரு வல்லரசின் உளவாளியும் ஒரே வாசலில் வரிசையில் நின்றார்கள்.

2021-இல் இது இன்னும் பெரிதாக நடந்தது. எக்ஸ்சேஞ்ச் சர்வரில் இருந்த நான்கு ஓட்டைகளுக்கு மார்ச் 2 அன்று மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. தொடக்கத்தில் உளவு நோக்கத்தோடு வந்த குழுக்களைத் தொடர்ந்து, சில நாட்களிலேயே கிரிப்டோ தோண்டுபவர்களும் பணயத்தொகை கேட்பவர்களும் நுழைந்தார்கள். அப்படி நுழைந்த லெமன்டக் என்ற கிரிப்டோ தோண்டும் நிரலைப் பற்றி அந்த ஆண்டு ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆய்வில் ஒரு விவரம் வருகிறது. லெமன்டக் ஒரு சர்வரைப் பிடித்ததும், அங்கே ஏற்கெனவே குடியிருக்கும் மற்றத் திருட்டு நிரல்களை விரட்டிவிடும். தான் நுழைந்த ஓட்டையையும் தானே அடைத்துவிடும். வேறு யாரும் உள்ளே வந்து பிராசசரைப் பங்கு கேட்கக் கூடாதல்லவா! இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். நிர்வாகி தாமதமாக விழித்துக்கொண்டு சோதனை செய்கிறார். ‘திருத்தம் போடப்பட்டிருக்கிறது, ஓட்டை இல்லை’ என்று முடிவு வருகிறது. பிராசசர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் கேட்பவருக்கு இந்த நிலை புரியாது. பிராசசரை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்பவருக்குப் புரியும்.

இவையெல்லாம் உலகச் செய்திகள். சிறு நிறுவனங்களில் அன்றாடம் நடப்பது பெரும்பாலும் இவற்றைவிட எளியது: யாரோ ஓர் ஊழியரின் பாஸ்வேர்ட் போய்விட்டது. பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்ட், அல்லது பத்து தளங்களில் ஒரே பாஸ்வேர்ட், அல்லது ‘உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இங்கே சொடுக்குங்கள்’ என்று வந்த போலிக் கடிதம். அந்தக் கணக்கின் வழியாக ஸ்பாம் வெளியே கொட்டத் தொடங்கும். கண்டுபிடிப்பது கடினமில்லை. சர்வரில் ‘டாப்’ என்று தட்டினால் எந்த நிரல் பிராசசரை விழுங்குகிறது என்று வரிசையாக வரும். மேல் மூலையில் கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிப் பளு நிற்கும். அடுத்து, வெளியே போகக் காத்திருக்கும் கடிதங்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். வழக்கமாகப் பத்தோ இருபதோ இருக்கும் இடத்தில் ஆயிரக்கணக்கில் நிற்கிறது என்றால், அனுப்பியவர் யார் என்று கூட்டிப் பார்த்தால் போதும். பெரும்பாலும் ஒரே முகவரிதான் தலைநீட்டும். அனுப்பியவர் என்று எந்தக் கணக்கும் சிக்காமல், வெப்சைட்டை நடத்தும் பயனரின் பெயரே நின்றால், ‘எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்’ என்ற படிவமோ பழைய வேர்டுபிரஸ் செருகுநிரலோ சந்தேகத்துக்குரியது. எந்தக் கோப்பு அந்தக் கடிதத்தை உண்டாக்கியது என்பதைப் பல சர்வர்களில் கடிதத்தின் தலைப்பு வரிகளிலேயே பார்க்கலாம். அனுபவமுள்ள ஒருவருக்கு இது அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் செலவிடப்படாமல் போவதால் வரும் நஷ்டம் பெரியது. ஸ்பாம் அனுப்பிய சர்வர் உலகக் கறுப்புப் பட்டியல்களில் ஏறும். பிறகு உண்மையான பில்லும் விலைப்புள்ளியும் வாடிக்கையாளரின் ஸ்பாம் பெட்டியில் விழும், அல்லது திரும்பி வரும்.

அதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. பாஸ்வேர்டைப் பெற்றவன் ஸ்பாம் அனுப்பினால் நமக்கு அது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். அதே பாஸ்வேர்டோடு சத்தமில்லாமல் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு பில், எப்போது பணம் வரும் என்று வாரக்கணக்கில் படித்து, சரியான நாளில் ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று உங்கள் முகவரியிலிருந்தே ஒரு கடிதம் அனுப்பும் மோசடி உலகம் முழுவதும் நடக்கிறது. அவன் பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்த நாட்களில் பிராசசர் ஏறியபோது ஒருமுறை காரணத்தைத் தேடியிருந்தால் அந்தப் பாஸ்வேர்ட் போனது அன்றே தெரிந்திருக்கலாம், மாற்றப்பட்டிருக்கலாம். ரீஸ்டார்ட்டால் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. திணறல் என்பது நிறுவனத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் எச்சரிக்கை. அதைத் தொல்லையாக மட்டும் பார்ப்பவர்கள் அதை வீணாக்குகிறார்கள்.

இதற்கு வரும் முதல் மறுப்பு நியாயமானது. வேலை நிற்கிறது, வாடிக்கையாளர் காத்திருக்கிறார், அந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியுமா? முடியாதுதான். ரீஸ்டார்ட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன் 5 நிமிடம் கேட்கிறேன். ஓடும் நிரல்களின் பட்டியல், வெளி இணைப்புகளின் பட்டியல், காத்திருக்கும் கடிதங்களின் எண்ணிக்கை, கால அட்டவணைக் கட்டளைகள் ஆகிய நான்கையும் ஒரு கோப்பில் எழுதிச் சர்வருக்கு வெளியே எடுத்துவைத்துவிட்டால் போதும். ஏன் முன்பே எடுக்க வேண்டும்? திருட்டு நிரல்களில் சில, ஓடத் தொடங்கியதும் வட்டிலிருந்து தம் கோப்பை அழித்துவிடும். நினைவகத்தில் மட்டும் உயிரோடிருக்கும். ரீஸ்டார்ட் செய்த கணத்தில் அந்தச் சான்று இல்லாமல் போகிறது, அதே நிரலை மறுபடி இறக்கும் கட்டளை மட்டும் எங்கோ ஒளிந்து தங்கிவிடுகிறது. தற்காலிகக் கோப்புகளின் கோப்புறையும் பல சர்வர்களில் அப்போது காலியாகும். சர்வரை உயிர்ப்பிக்கும் அவசரமும் காரணத்தைப் பாதுகாக்கும் பொறுமையும் ஒன்றையொன்று தள்ளுவதில்லை. வரிசைப்படி செய்தால் இரண்டும் நடக்கும். ரீஸ்டார்ட் சிலவற்றைத் தொடவே தொடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2022 ஜனவரி 1 அன்று உலகெங்கும் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 சர்வர்களில் கடிதங்கள் வரிசையில் தேங்கின. வைரஸ் சோதனை மென்பொருள் தேதியை 2201010001 என்ற எண்ணாக எழுதியது. அதற்கு ஒதுக்கிய இடத்தில் கொள்ளும் மிகப் பெரிய எண் 2147483647. சர்வரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் தேதி பின்னால் போகாது, அந்தக் கணக்குப் பிழையும் தீராது.

இரண்டாவது மறுப்பு பணத்தைப் பற்றியது. காரணம் தேட ஆள் வைப்பதைவிட இன்னும் சக்திவாய்ந்த சர்வருக்கு மாறுவது மலிவு என்பார்கள். ஹோஸ்டிங் நிறுவனங்களின் விற்பனைப் பிரிவு மகிழ்ச்சியோடு தலையாட்டும். ஊழியர்கள் பெருகி, கடிதங்கள் பெருகி, பளு நிதானமாக ஏறியிருந்தால் அதுவே சரியான தீர்வு. அதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் கிரிப்டோ தோண்டும் நிரலுக்கு 2 கோர் கொடுத்தால் இரண்டையும் தின்னும், 8 கொடுத்தால் எட்டையும் தின்னும். ஸ்பாம் அனுப்புபவனுக்கு வேகமான சர்வர் கிடைத்தால் அதே ஒரு மணி நேரத்தில் பல மடங்கு ஸ்பாம் போகும். காரணம் தெரியாமல் சக்தியைக் கூட்டுவது பல இடங்களில் திருடனுக்குச் சம்பள உயர்வு கொடுப்பதில் போய் முடிகிறது. எந்தப் பணிக்குச் சக்தி போதவில்லை என்று ஒருவர் எழுதிக் காட்டும் வரை பெரிய சர்வர் வாங்கும் கோப்பில் நிர்வாகம் கையெழுத்துப் போடக் கூடாது.

மூன்றாவது மறுப்புதான் வலுவானது: சொந்தமாக மின்னஞ்சல் சர்வர் எதற்கு? கூகுள், மைக்ரோசாஃப்ட், ஸோஹோ என்று அதையே தொழிலாகச் செய்பவர்களிடம் ஒப்படைத்தால் என்ன? மத்திய அரசே தன் ஊழியர்களின் லட்சக்கணக்கான மின்னஞ்சல் கணக்குகளை ஸோஹோவின் தளத்துக்கு மாற்றியிருக்கிறது. கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில் அந்த நிறுவனத்தின் வளாகம் இருக்கும் பகுதி, 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. பத்து இருபது பேர் வேலை செய்யும் கடைக்கும் தொழிற்கூடத்துக்கும் என் பதில் தெளிவானது: மாறிவிடுங்கள். பராமரிக்க ஆளில்லாத சர்வரை வைத்திருப்பது பெருமை அல்ல, ஆபத்து. ஆனால் மாறியவுடன் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். போன பாஸ்வேர்ட் புதிய வீட்டுக்கும் கூடவே வரும். அங்கே பிராசசர் ஏறுவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஒருநாள் கணக்கு முடக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு மட்டும் வரும். இரண்டு கட்டச் சரிபார்ப்பை எல்லாக் கணக்குக்கும் கட்டாயமாக்காமல், யார் எந்த ஊரிலிருந்து நுழைகிறார்கள் என்ற பதிவை யாரும் திறந்து பார்க்காமல் மாறினால், திணறல் என்ற ஒரே எச்சரிக்கையையும் இழந்ததுதான் மிச்சம். நூற்றுக்கணக்கான கணக்குகள் கொண்ட கல்லூரிகளும் மருத்துவமனைகளும் செலவை எண்ணியோ, தகவல் தங்கள் கையில் இருக்க வேண்டும் என்று எண்ணியோ சொந்தச் சர்வரைத் தொடரலாம். தொடர்பவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் சேர்த்தே தொடர வேண்டும்.

‘நாங்கள் சின்ன இடம், எங்களை யார் தாக்கப் போகிறார்கள்?’ என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. எக்சிம் வழியாக வந்த கிரிப்டோ தாக்குதலில் யாரும் உட்கார்ந்து நிறுவனங்களின் பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. பிடிபட்ட ஒவ்வொரு சர்வரும் அடுத்த சர்வரை இணையத்தில் தானே தேடிப் போனது. பழைய பதிப்பு ஓடும் எந்த இயந்திரமும் அதற்கு ஒன்றுதான்.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, கணினி அமைப்புக்குள் அத்துமீறி நுழைந்தது போன்ற சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தகவல் கொடுக்க வேண்டும். கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் சேமித்துவைக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தயாராக அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசமும் கொடுக்கப்பட்டது. அந்த அவகாசம் முடிந்து வெகுகாலம் ஆகிறது. இருந்தும் பல லினக்ஸ் சர்வர்கள், மெயில் பதிவுகள் சில வாரங்களில் தானாக அழியும் பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. ‘போன மாதமும் இப்படித்தான் ஆச்சு’ என்று ஒருவர் சொன்னால், போன மாதம் என்ன நடந்தது என்று திறந்து பார்க்க அங்கே எதுவும் இருக்காது. 6 மணி நேர விதி கடுமையானது, சிறு நிறுவனங்களால் முடியாது என்ற வாதத்தில் எனக்கு ஓரளவு உடன்பாடு உண்டு. ஆனால் பதிவுகளை வைத்திருப்பதற்குத் தேவை வட்டில் சிறிது இடமும் ஒருமுறை மாற்றும் ஓர் அமைப்பும் மட்டுமே. அதைச் செய்யாததற்குச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை.

இதில் ரீஸ்டார்ட் செய்யும் அந்த ஒப்பந்தக்காரரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகாது. ஒரே ஆள் பதினைந்து இருபது இடங்களின் சர்வர், பில்லிங் மென்பொருள், சிசிடிவி, பிரின்டர் எல்லாவற்றையும் பார்க்கிறார். ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் அவரிடம் கேட்பது எவ்வளவு சீக்கிரம் சர்வர் எழுந்தது என்பதை மட்டும். ஏன் விழுந்தது என்பதை அது கேட்பதில்லை. கேட்காத வேலையை, கூலி இல்லாத வேலையை அவர் ஏன் செய்வார்? இங்கே மாற வேண்டியது வேலை வாங்கும் நிர்வாகத்தின் கேள்வி. அரை மணி நேர ஆய்வுக்கு ஒப்பந்தத்திலேயே கூலி வைக்க வேண்டும். அதே நேரத்தில் இந்தத் திறமை ஊரில் வளரவும் வழி உண்டு. ஏனாத்தூரிலும் காரைப்பேட்டையிலும் உயர்கல்வி நிலையங்கள் இருக்கின்றன. மாணவர்களுக்குச் சர்வர் நிறுவக் கற்றுக்கொடுப்பதோடு நிற்காமல், கெட்டுப்போன சர்வரின் பதிவுகளைக் கொடுத்துக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சியையும் அங்கே சேர்த்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் இந்த மாவட்டத்துக்குத் தேவையான ஆட்கள் இங்கேயே கிடைப்பார்கள்.

அடுத்த முறை ஏஎம்சி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது அதில் இரண்டு வரிகளைச் சேருங்கள். ஒரே கோளாறு இரண்டாம் முறை வந்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். மெயில் பதிவுகள் 180 நாட்கள் சர்வருக்கு வெளியே சேமிக்கப்பட வேண்டும். அதற்கு முன்பே உங்கள் சர்வர் திணறிக்கொண்டிருந்தால், எல்லா ஊழியர்களின் பாஸ்வேர்டையும் இந்த வாரமே மாற்றச் சொல்லுங்கள். மோசடியில் பணம் போயிருப்பதாகத் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.